அசரீரி ஸ்பரிச விசாரணை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் கோட்டைகளையும் கோயில்களையும் புயல்களையும் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்களேயன்றி, கண்ணாடி உடைந்து, கம்பெனியின் அங்கீகாரம் பெறாத கடையொன்றில் புதுக் கண்ணாடி பொருத்தப்பெற்று, வீடு திரும்பியபின் எவரும் தொடாதிருக்கையிலேயே தானாக எழுத்துகளை அடித்துக்கொள்ளத் தொடங்கும் டேப்லட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதினார்களில்லை. அக்குறையை ஓரளவேனும் நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம். மெக்கானிக்குகள் 'கோஸ்ட் டச்' என வழங்கும் இவ்வியாதியை, சாஸ்திர கௌரவம் கருதி, அசரீரி ஸ்பரிசம் என்று குறிப்போம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட கருவி மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருடையது. காலையில் பத்திரிகையும், மாலையில் பேரனின் வீட்டுப்பாடமும், இரவில் உபந்நியாசமும் அவருக்கு அதில்தான். அது கைதவறி விழுந்தபோது, அங்கீகாரம் பெற்ற நிலையத்தார் சொன்ன கூலி புதுக் கருவியின் விலையை நெருங்கியபடியால், அவர் ஒரு சந்துக்கடையை நாடினார். "டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கு சார், டச் மட்டும் மாத்தினா போதும். ஒரிஜினல் வராது, ஃபர்ஸ்ட் காப்பி இருக்கு" என்றார் மெக்கானிக். "வாரண்டி உண்டா, தம்பி?" என்றதற்கு, "டெஸ்டிங் வாரண்டிதான் சார்" என்று பதில் வந்தது. அதாவது, கடைப்படியில் நின்று தொட்டுப் பார்த்துத் திருப்தியடையும்வரை பொறுப்பு அவருடையது, படியிறங்கியபின் நம்முடையது.

எல்லை வகுக்கும் இம்முறை கடலூருக்குப் புதிதன்று. 1690ஆம் ஆண்டில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், சுற்றுப்புறத்தில் எதுவரை தமக்குரியது என்ற வினாவுக்குப் பீரங்கியைக் கொண்டு விடை கண்டனர். கோட்டையிலிருந்து சுட்ட குண்டு போய் விழுந்த தூரம்வரை கம்பெனியின் நிலம். அவ்வாறு அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் என்றே பெயர் பெற்றன. அந்தக் கம்பெனியின் எல்லையாவது குண்டு போன தூரம் நீண்டது. இக்காலக் கம்பெனியின் வாரண்டியோ, அந்நியன் ஒருவன் மூடியை நெம்பிய கணத்திலேயே முடிந்துவிடுகிறது. மத்திய அரசு 2022 டிசம்பர் 24ஆம் தேதி, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் திறந்து, உதிரிபாகங்களையும் பழுது நீக்கும் முறைகளையும் பற்றிய விவரங்களைக் கம்பெனிகள் அதில் வெளியிட வழி செய்தது. நல்ல காரியந்தான், ஆனால் சந்துக்கடைக்காரர் தம் வித்தையை அண்ணன் கடையில் உட்கார்ந்து கற்றவர்.

இனி, ஸ்பரிசத்தின் லட்சணம். விரலின் அழுத்தத்தைத் திரை உணர்கிறது என்று பாமரர் நினைப்பது பிராந்தி. 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் ஈ.ஏ.ஜான்சன் என்பவர் விவரித்த முறையின் வழிவந்த திரைகளில், கண்ணாடியின் அடியில் இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடினால், கண்ணுக்குத் தெரியாத கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றினிடையே நிற்கும் சொற்ப மின்னூட்டத்தில் ஒரு பங்கை விரல் இழுத்துக்கொள்ள, அந்த நஷ்டத்தைக் கணக்கிட்டே கருவி விரலின் இடத்தை அனுமானிக்கிறது. ஆகவே திரை அறிவது விரலையன்று, ஒரு குறைவை. விரலில்லாமலே அக்குறைவு வேறு காரணத்தால் நேர்ந்தால், இல்லாத விரலை இருப்பதாகக் கருவி நம்பிவிடும். ஆசிரியரின் டேப்லட் நள்ளிரவில் சம்பந்தி வீட்டுக்கு வீடியோ அழைப்பு விடுத்தது இவ்வித நம்பிக்கையினாலேயே.

காரணம் யாது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. 'சாஃப்ட்வேர் பிராப்ளம்' என்பது மெக்கானிக்கின் பட்சம். இதை முற்றாகத் தள்ளிவிட முடியாது: 2018 மார்ச் இறுதியில் ஐஓஎஸ் 11.3 வந்தபின், வெளியிடங்களில் திரை மாற்றப்பட்ட ஐபோன் 8 கருவிகள் சில தொடுவதை உணராமற்போய், ஏப்ரலில் வந்த 11.3.1 அவற்றை மீட்டதும், மீட்ட கையோடு அசலல்லாத திரைகளின் தரத்தைப் பற்றி ஆப்பிள் கம்பெனி ஓர் உபதேசமும் செய்ததும் பிரசித்தம். ஆயின் ஆசிரியரின் கருவியில் அப்டேட் எதுவும் வரவில்லை. 'வெளியில் திறந்ததே குற்றம்' என்பது கம்பெனியின் பட்சம். இது காரணமன்று, தண்டனை. 'ராத்திரியெல்லாம் அதையே பார்த்தால் வேறென்ன ஆகும்' என்பது இல்லத்தரசியாரின் பட்சம். இதைக் கண்டிக்கும் தைரியம் ஆராய்ச்சியாளனுக்கு இல்லை.

கருவி அடுத்தபடியாகச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. நாட்டிய சாஸ்திரத்தின் நூற்றெட்டுக் கரணங்களும் கோபுர வாயில்களில் கல்லில் நிற்கும் அவ்வூரில், ஆடுபவர் எவருமின்றி நிகழும் இவ்விரலாட்டத்துக்கு ஒரு விளக்கம் கிடைக்குமென்று ஆசிரியர் எதிர்பார்த்திருக்கலாம். கடையில் வைத்த உடனே கருவி ஏறக்குறையச் சாதுவாகிவிட்டது. அங்கிருந்த மெக்கானிக் சிறு வயதினர். நியாய சாஸ்திரம் படித்தவரல்லர். எனினும் அன்வய வியதிரேகத்தை அட்சரம் பிசகாமல் பிரயோகித்தார். "வீட்ல சார்ஜ் போட்டுக்கிட்டே பாப்பீங்களா ஐயா?" என்று கேட்டுத் தம்மிடமிருந்த மலிவான சார்ஜர் ஒன்றைச் செருகினார், ஆட்டம் தொடங்கிற்று. பிடுங்கினார், பெரும்பாலும் நின்றது. மட்டமான சார்ஜரின் மின் இரைச்சல் கோடுகளில் புகுந்து, கணக்கைக் குலைத்துவிடுகிறது என்பது சித்தாந்தம். ஆனால் வலது ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் சார்ஜர் இல்லாதபோதும் துடித்துக்கொண்டிருந்தமையால், இரண்டாவது ஹேது ஒன்று தேடப்பட்டது. மூடியைத் திறந்தபோது, டச் ஸ்ட்ரிப் சாக்கெட்டில் கோணலாக உட்கார்ந்திருந்தது. எர்த்துக்காக ஒட்டியிருக்க வேண்டிய தகட்டு நாடாவும் காணப்படவில்லை. பாட்டரி உப்பிக் கண்ணாடியைத் தள்ளினாலும் இதே லட்சணம் தோன்றும், இங்கே அப்படியில்லை. (உப்பியிருந்தால் விளையாட்டில்லை: அழுத்தாமல், சார்ஜ் ஏற்றாமல், உடனே மாற்றிவிட வேண்டும்.)

ஸ்ட்ரிப்பைத் திருத்தி நாடாவை ஒட்டியும், அந்தப் பட்டை ஓயவில்லை, கண்ணாடியே பழுது. மறுபடியும் ஒரு ஃபர்ஸ்ட் காப்பி வாங்க ஆசிரியர் சம்மதிக்காததால், மெக்கானிக் டச் ஸ்ட்ரிப்பை அடியோடு கழற்றிவிட்டு, ஓடிஜி கேபிளில் ஒரு மவுஸை மாட்டிக் கொடுத்தார். தீண்டாமலே தீண்டப்பட்ட திரை, இப்போது தீண்டினாலும் அசைவதில்லை. உபந்நியாசம் தடையின்றி நடக்கிறது. பேரன் மட்டும் அதைக் கையிலெடுப்பதை விட்டுவிட்டான். திரைக்குக் கம்பெனியும் பொறுப்பில்லை, சந்துக்கடையும் பொறுப்பில்லை. மவுஸுக்கு ஓராண்டு வாரண்டி உண்டு. அட்டையில் கடைக்காரர் முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார்.