அடைப்புக்குறிக்குள் ஒரு சி.ஏ.

காஞ்சிபுரத்துப் பக்கம் கூரத்தில் அவனைப் பெயர் சொல்லி விசாரித்தால் வீடு காட்ட ஆள் கிடைக்காது. "நம்ம சி.ஏ. தம்பியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தப் பட்டம் பல்கலைக்கழகம் கொடுத்ததல்ல, பெரியப்பா கொடுத்தது. பையன் சேர்ந்திருப்பது பி.காம். அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சி.ஏ. என்று இரண்டு எழுத்து. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்பதன் சுருக்கம். அட்மிஷன் ரசீதை வாங்கிப் பார்த்த பெரியப்பாவின் கண்ணாடிக்கு எழுத்து தெரிந்தது, அடைப்புக்குறி தெரியவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கு ஓர் ஆடிட்டர் கிடைத்துவிட்டார்.

முதல் வாரம் அவன் மறுத்துப் பார்த்தான். "அது வேற சி.ஏ. பெரியப்பா." "எந்த சி.ஏ.வா இருந்தா என்னடா, நல்லா படி" என்று ஆசீர்வாதம் வந்தது. அதோடு விட்டுவிட்டான். அக்கா கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்துக்காரர் அடைப்புக்குறியை எடுத்துவிட்டு ஒரு காற்புள்ளி போட்டார்: பி.காம்., சி.ஏ. அசல் சி.ஏ.வுக்கு ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று அகழி தாண்ட வேண்டும். நடுவில் ஆடிட்டர் ஆபீஸில் வருஷக்கணக்கில் வவுச்சருக்கு டிக் அடிக்க வேண்டும். இவனுக்கு ஒரு காற்புள்ளியில் வேலை முடிந்தது.

காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் இவனுடைய நகல் ஒருவன் இருப்பான். தாமலில் இருப்பான், ஐயங்கார்குளத்தில் இருப்பான். எல்லாருடைய கதையும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது. இன்ஜினியரிங் சேர்க்க வீட்டில் தோதில்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் மேத்ஸ் துரத்தும். 'வெறும்' பி.காம். என்றால் அத்தைமார்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கம்ப்யூட்டரும் வேண்டும், கணக்குவழக்கும் வேண்டும், மேத்ஸ் மட்டும் வேண்டாம் என்ற நம் குடும்பங்களின் நெடுநாள் பிரார்த்தனைக்குக் கல்லூரிகள் மனமிரங்கிக் கொடுத்த வரம் இந்தப் படிப்பு. மூன்று வருஷம், ஆறு செமஸ்டர், அரியர் தனி.

வகுப்பில் பெண்பிள்ளைகள்தான் முன்வரிசை. அவர்களுக்குப் புரோகிராம் ஓடும். பையன்களுக்கு அவர்களுடைய ரெக்கார்டு நோட்டு ஓடும்.

கல்லூரியில் அவன் ஜாதி இன்னும் நிர்ணயமாகவில்லை. பி.எஸ்சி. பையன்களுக்கு இவன் 'காமர்ஸ்'. பி.காம். ஜெனரல் பையன்களுக்கு இவன் 'கம்ப்யூட்டர்'. பிரிண்டர் மக்கர் பண்ணினால் காமர்ஸ் டிபார்ட்மென்ட் ஆள் அனுப்பும். டூர் வசூலில் முந்நூறு ரூபாய் இடித்தால் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் ஆள் அனுப்பும். இரண்டு இடத்திலும் கூலி ஒரு டீ.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, கூட உட்கார ஓர் ஆள். ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு போகும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது தறிக்காரர்களின் பெருமை. இந்தப் பாடத்திட்டத்தை வகுத்த புண்ணியவான்கள் உடலையும் நெய்தார்கள், கரையையும் நெய்தார்கள், கோர்வைக்கு ஆள் வைக்க மறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை சி புரோகிராமிங், செவ்வாய்க்கிழமை காஸ்ட் அக்கவுண்டிங். ஒரு பொருளின் அடக்கவிலையைப் போட ஒரு புரோகிராம் எழுது என்று மூன்று வருஷத்தில் ஒரு பாவியும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ஃபிபனாச்சி, பகா எண், பாலிண்ட்ரோம். திருப்பிப் படித்தாலும் அதே வார்த்தை வருமே, அந்த பாலிண்ட்ரோமுக்கு உதாரணம் கேட்டபோது இவன் எழுந்து 'விகடகவி' என்றான். வகுப்பு கைதட்டியது. லேபில் இருந்த புரோகிராமுக்குத் தமிழ் தெரியாததால் அது பாலிண்ட்ரோம் அல்ல என்று தீர்ப்பாகிவிட்டது.

முதல் வகுப்பில் மட்டும் ஒரு பேராசிரியர் கோர்வை போட முயன்றார். லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் ஓட்டை போட்ட அட்டையால் தறியை ஓட்டியதையும், அந்த அட்டையைப் பார்த்து பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குத் திட்டம் போட்டதையும், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் ஓட்டை அட்டையால் எண்ணி முடித்ததையும் சொன்னார். பையனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் அப்பா காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியின் தறியில் உட்காருகிறவர். தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி, அதில் அட்டை மாலை. வீட்டுக்கு வந்ததும், கம்ப்யூட்டருக்குத் தாத்தா நம்ம தறிதான் என்றான்.

"அப்படியா? அட்டையில ஒரு ஓட்டை தப்பா குத்தினா மயிலுக்கு மூக்கு போயிடும். உங்க கம்ப்யூட்டர்ல?"

"எரர்னு காட்டும்பா."

"எங்களுக்குக் காட்ட முதலாளி இருக்கார். கூலியில பிடிச்சே காட்டுவார்."

இரண்டாம் வருஷம் டேலி வந்தது. நம் ஆள் பூத்ததும் காய்த்ததும் இங்கேதான். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். பஸ் கம்பியைப் பிடித்திருக்கும்போதும் விரல்கள் தாளம் போடும். 1494இல் வெனிஸில் பசியோலி இரட்டைப் பதிவைப் புத்தகமாக அச்சிட்டார். ஐந்நூறு வருஷம் கழித்து அது ஐந்து பொத்தானில் அடங்கிவிட்டது. டேலி பிறந்த கதையும் கேட்கத் தகுந்ததுதான். 1986. பெங்களூரில் ஆலைகளுக்கு உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த எஸ்.எஸ். கோயங்காவுக்குத் தன் கணக்கை வைத்துக்கொள்ள உருப்படியான மென்பொருள் அகப்படவில்லை. மகன் பரத்தைக் கூப்பிட்டு, நீயே எழுதிக் கொடு என்றார். ஒரு வியாபார அப்பா, ஒரு கம்ப்யூட்டர் மகன்: கோர்வை விழுந்துவிட்டது. நம் ஆளின் அப்பாவும் மகனைக் கூப்பிடுகிறார். ஈ.பி. பில் கட்டச் சொல்லி.

டேலி லேபில் அவனுக்குப் பிடிக்காத ஒரே வரி, பேலன்ஸ் ஷீட்டின் ஓரத்தில் வந்து உட்காரும் 'ஓப்பனிங் பேலன்ஸ் வித்தியாசம்'. எங்கோ ஒரு தொகை உதைக்கிறது என்பதற்கு டேலியின் மரியாதையான சொல். பிளஸ் டூவில் தமிழில் படித்தபோது இடிக்கிற தொகையை அனாமத்துக் கணக்கு என்று ஒன்றில் தள்ளச் சொன்னார்கள்; கல்லூரியில் அதுவே சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஆகி, சினிமாப் படம் மாதிரி ஒலிக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கென்று 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவன் பேங்க்கில் விழுகிறது. வரவு தெளிவு. செலவு பூராவும் அனாமத்து.

இத்தனைக்கும் கணக்கில் கூரம் சாதாரண ஊரல்ல. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் விட்ட கூரம் செப்பேட்டில், பரமேசுவரமங்கலம் என்ற ஊரை இருபத்தைந்து பங்காகப் போட்டிருக்கிறார்கள். நான்மறை வல்ல இருபது பேருக்கு இருபது பங்கு. கூரத்துச் சிவன் கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் மூன்று. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுக்க ஒன்று. அங்கே பாரதம் வாசிக்க ஒன்று. பையனிடம் இதைச் சொன்னேன். விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். "டேலி ஆகுது சார்" என்றான், கொஞ்சம் பொறாமையோடு.

பேக்கப் எடுப்பதிலும் ஊருக்குப் பேர் உண்டு. ராமாநுஜர் காஷ்மீரம் வரை போய் போதாயன விருத்தியை வாங்கி வர, அங்கிருந்தவர்கள் துரத்தி வந்து ஏட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம். கூடப் போன கூரத்தாழ்வான், கவலை வேண்டாம், ராத்திரி ராத்திரியாகப் படித்து முழுவதும் மனத்தில் ஏற்றிவிட்டேன் என்றாராம். குருபரம்பரைக் கதை. அதே ஊரில் பிறந்த நம் ஆள், ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ஒரே பென் டிரைவில் வைத்து, பென் டிரைவைச் சட்டைப்பையில் வைத்து, சட்டையை வாளியில் போட்டான். அம்மாவுக்குத் துணி வெளுத்த திருப்தி.

கல்லூரி அவனுக்குக் கொடுத்தது பாதி லேப் என்றால், மீதி லேப் அவன் வீட்டுத் திண்ணை. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் அது அரசாங்க அலுவலகம். பட்டா சிட்டா எடுக்க ஒருவர், ரேஷன் கார்டில் மருமகளைச் சேர்க்க ஒருவர், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு போட்டோவைச் சுருக்க ஒருவர். கேஸ் புக்கிங், ஃபாஸ்டேக், பிஎஃப் பணம், பேரன் ஜாதகம். போன் மெதுவாக ஓடுவதற்கும் பி.காம். படித்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். நல்லபிள்ளையாக ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்று எவன் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்று பாடமும் எடுப்பான். வெளியே இ-சேவை மையத்தில் இதற்கெல்லாம் கட்டணம் உண்டு. இவன் மார்க்கெட்டிங்கில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன்; ஒரு பைசா கேட்கத் தெரியாது. கேட்டால் "உன்னைத் தூக்கி வளர்த்தவன்டா நான்" என்று எதிர்க்கணக்கு வரும். பெறுபவர் கணக்கில் பற்று வை என்பது பாடப்புத்தகத்து விதி. கூரத்தில் தூக்கி வளர்த்தவர்கள் கணக்கில் யாரும் பற்று வைப்பதில்லை.

கோர்வை கடைசியில் விழுந்தது அந்த நனைந்த பென் டிரைவால்தான். புராஜெக்ட் திரும்பச் செய்ய வேண்டும். ஆன்லைன் ஷாப்பிங் என்று எல்லாரும் எடுக்கிற தலைப்பை எடுக்க நாளில்லை. கையில் இருந்தது அப்பாவின் கூலி நோட்டு. பாவு, பட்டு, ஜரிகை எல்லாவற்றையும் முதலாளி எடை போட்டுக் கொடுப்பார். சேலை முடிந்ததும் சேலையையும் மிச்சத்தையும் எடை போட்டு வாங்குவார். நடுவில் குறைவது சேதாரம். அது அளவுக்கு மீறினால் கூலியில் பிடித்தம். பையன் டேலியில் புது அளவு ஒன்று உருவாக்கினான்: மார்க். ஜரிகை வியாபாரத்தில் ஏறத்தாழ 240 கிராம் ஒரு மார்க். பரீட்சையில் அவன் வாங்கிய மார்க் வேறு. கொடுத்த எடை, வந்த எடை, சேதாரம், கூலி, முன்பணப் பாக்கி என்று சேலைவாரியாக ஏற்றினான். இரண்டு வருஷமாக ஒவ்வொரு சேலையிலும் ஜரிகை சில கிராம் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் பக்கம் அல்ல.

அப்பா அந்த பிரிண்ட் அவுட்டை நாலாக மடித்து எடுத்துப் போனார். சண்டைக்கு அல்ல, சும்மா காட்டத்தான் என்றார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"யார் போட்டது?"

"பையனுங்க. சி.ஏ. படிக்கிறான்."

"ஆடிட்டருக்கா?"

அப்பா தொண்டையைச் செருமினார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கடையில் எலக்ட்ரானிக் தராசின் முகம் முதலாளி பக்கத்தை விட்டுத் தறிக்காரர் பக்கம் திரும்பிவிட்டது என்று கேள்வி. அந்த புராஜெக்ட்டுக்கு எக்ஸ்டர்னலாக வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்பைரல் பைண்டிங் ஏன் போடல?"

கூரத்தில் உருப்படியானது எதுவும் கூரத்தில் தங்குவதில்லை. கூரத்தாழ்வான் செல்வத்தையெல்லாம் விட்டுவிட்டு ராமாநுஜரைத் தேடி ஸ்ரீரங்கம் போனார். பல்லவர் காலத்துக் கூரம் நடராஜர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். நம் ஆளும் போகிறான், ராமாநுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்கே. அங்கே ஒரு பெரிய கம்பெனிக்கு பாகம் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனியில், ஸ்டோர்ஸில் வேலை. வரும் லாரியில் எத்தனை பெட்டி, போகும் லாரியில் எத்தனை பெட்டி, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இன்டர்வியூவில், நீ காமர்ஸா, கம்ப்யூட்டரா என்று கேட்டார்கள். இரண்டும் என்றான். அப்படியென்றால் இரண்டு ஷிஃப்டும் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

விடியற்காலை கம்பெனி பஸ். ஜன்னல் சீட், காதில் ஒயர். பாதித் தூக்கத்தில் போன் அடித்தது. பெரியப்பா.

"தம்பி, ஈ.பி. பில்லுக்கு இன்னைக்குக் கடைசி நாள்டா. கட்டிடு."

"சரி பெரியப்பா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. ஆறு இலக்கம்."

"வந்திருக்கு."

"அதைச் சொல்லுங்க."

"அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானடா சொன்ன?"

"நான்தான் பெரியப்பா பேசறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னும் சொன்னியே."