மெதுவோட்டவியல்: ஒரு முன்னாய்வு

வேகமான சங்கதி காதில் பிடிபடாவிட்டால், ஒலிப்பதிவை மெதுவாக்கிக் கேட்பது இசை பயில்வோர் வழக்கம். இவ்வழக்கத்தை முறையாக ஆராய்ந்த நூல் எதுவும் கண்ணில் படாததால் இவ்வாய்வாளருக்குத் தூக்கம் கெட்டது. அக்குறை இங்கு நீக்கப்படுகிறது.

மெதுவோட்டிகள் நால்வகையர்: இசைத்தட்டார், டேப்பார், மென்பொருளார், குருவிடமே "இன்னொரு தரம்" என்று கேட்பார். நான்காம் வகையார் அருகிவருவதால் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

இசைத்தட்டார் என்போர், நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டிய எல்.பி. தட்டைப் பழைய ரெக்கார்ட் பிளேயரின் 16 வேகத்தில் போட்டவர்கள். வேகம் பாதியாகும், சுருதியும் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். சட்ஜம் சட்ஜத்திலேயே விழுவதால் விரலிடம் மாறாது. ஜாஸ், ராக் கித்தார்காரர்கள் இவ்வழியில் பிறர் வாசிப்பைக் கவர்ந்தனர். பாதிக்குப் பதில் முக்கால் வேகம் வைத்தாலோ, சட்ஜம் மந்திர பஞ்சமத்தில் போய் உட்காரும். ஐந்து கட்டையில் பாடும் பாடகி இரண்டு கட்டைப் பாடகராகிவிடுவார். கணக்கில் பிழையில்லை, பாடகியிடம் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

டேப்பார்: மேற்படி.

மென்பொருளாரின் இலக்கணம், வேகம் குறைந்தும் சுருதி குறையாமை. 1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளானகனும் கோல்டனும் 'ஃபேஸ் வோகோடர்' என்ற முறையை வெளியிட்டார்கள். அவர்கள் நினைத்தது மனிதப் பேச்சை; மாட்டிக்கொண்டவை பிருகாக்கள். ஒலியைச் சில பத்து மில்லிவிநாடித் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று படிய நறுக்கி, இடைவெளியை அகட்டி மறுபடி ஒட்டுவதே இத்தகைய முறைகளின் சாரம். 'அமேசிங் ஸ்லோ டவுனர்', 'டிரான்ஸ்கிரைப்' ஆகியவை இதற்கென்றே பிறந்தவை. 'ஆடாசிட்டி'யிலோ 'டெம்போ'வை மாற்றினால் சுருதி நிற்கும், 'ஸ்பீட்'டை மாற்றினால் அதுவும் சரியும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டவர், தம் வீணைதான் கெட்டுவிட்டதென்று பிரடையைத் திருகுவார்.

ஒட்டு வேலையில் தம்புராவுக்குச் சேதமில்லை. மிருதங்கத்துக்கு உண்டு. ஒரு முறையில் அடியின் கூர்மை மழுங்கும். இன்னொரு முறையில் ஒரே அடி இருதரம் விழும். சுவடிப் பதிப்பாளர் இதை இடைச்செருகல் என்பர். அல்ல, அது வித்வானே போட்ட அடி, பாடபேதம் என்று வாதிடுவாரும் உளர். ஒரு நூலின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் தள்ளிவைத்துப் பழகியவர்களுக்கு ஓர் அடி எம்மாத்திரம்?

தோடி காந்தாரத்தின் கதை இதைவிடப் பரிதாபம். முழு வேகத்தில் அது காந்தாரம். கால் வேகத்தில் ரிஷபத்தை உரசி மத்யமத்தைத் தொட்டுத் திரும்பும் ஓர் அலை. காந்தாரம் என்று சுட்ட அதில் ஓரிடமும் அகப்படாது. ஆனாலும் திரையில் கோடு கிழித்து, 22 சுருதிகளில் இது எத்தனையாவது என்று வழக்கு நடக்கிறது. ஆடுவதுதான் அதன் உயிர் என்பது, நிறுத்திவைத்து அளப்பவருக்கு இடைஞ்சலான செய்தி.

இனி, இவ்வாய்வின் உயிர்நாடியான லூப். பாடகர் ஜி.என்.பி.யின் பிருகா ஒன்றை, இரண்டே விநாடி நீளத்துக்கு இருபுறமும் குறியிட்டு, ஐம்பது சதவீத வேகத்தில் ஓயாமல் சுழலவிடுவது லூப் எனப்படும். பயில்பவர் இதைப் பயிற்சி என்பார். அக்கம்பக்கத்தார் கொண்ட பொருள் வேறு. "பாட்டுப் பெட்டி ரிப்பேர்" என்பது ஒரு கொள்கை (மேல்மாடி மரபு, வாய்மொழி, கொடிக்கயிற்றருகே பெறப்பட்டது). இதை மறுத்து, ரிப்பேர் பெட்டியில் அன்று, ஆளில் என நிறுவுகிறது மற்றொன்று (கீழ்வீட்டு உரை: துடைப்பக் கட்டையால் கூரையில் மூன்று தட்டு, விளம்ப காலம், திருத்திய இரண்டாம் பதிப்பு, அதே இரவு, துரித காலம்). இரண்டுக்கும் சமாதானம் கூறுவது 'சாமி வந்திருக்கலாம்' என்னும் பால்காரர் சிற்றுரை. காலை நேரத்துக்கே உரியதாகலின் மாலை லூப்புக்குப் பொருந்தாது என்க. யாவற்றிலும் அரியது எதிர்வீட்டுக் குழந்தையின் பிரதி (படிக்கட்டுச் சுவடி, இரண்டு விநாடி மட்டும் கிடைத்துள்ளது, எஞ்சிய கீர்த்தனை குழந்தை அறியாதது). பயில்பவர் அறுபது சதவீதத்தில் திணறும்போது, அப்பிரதி பிருகாவைப் பிசகின்றி, முழு வேகத்தில், பல் துலக்கியபடி பாடுகிறது. திரையில் ஓடும் சதவீதத்தை அது பார்த்ததேயில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடவைக்கும் பழைய முறை மாணவரை மெதுவாக்கிப் பின் விரட்டுகிறது. மென்பொருள் மெதுவாக்குவது வித்வானை. எண்பது சதவீதத்தோடு திருப்தியடைந்து அங்கேயே குடியேறியவருக்கு, ஜி.என்.பி. ஏன் கச்சேரியில் இவ்வளவு அவசரப்பட்டார் என்று தோன்றத் தொடங்கும். இந்நோய்க்கு, வாரம் ஒருமுறை முழு வேகத்தில், குறியீடுகளைக் கலைத்துவிட்டு, பாட்டு முழுவதையும் கேட்பதே மருந்து.

லூப் போடுவோர் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுமாறு வேண்டப்படுகிறார்கள். கீழ்வீட்டு உரையின் மூன்றாம் பதிப்பு தயாராகிவருகிறது.