கல்கத்தாவில் இருந்த இரணைமடு

இஞ்ச வா மோனை, இப்பிடி இரணைமடுக் குளக்கட்டில குந்து. லண்டன்காரன் காலமை ஒன்பதுக்கு நேர்முகம் எண்டவனாம். நீ மாசியிலயே கணக்குப் பாத்து, கலண்டரில ‘ரெண்டரை’ எண்டு எழுதி வைச்சியாம். சேட்டு அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு ரெண்டரைக்கு வந்து குந்த, அவன் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே வந்திருந்து பாத்திட்டு எழும்பிப் போட்டான். பங்குனிக் கடைசி ஞாயிறு அங்க மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவினம் எண்டு கம்பஸில சொல்லித்தரேல்லையோ? பாவம், நாலு வருசம் காணாது.

உன்ர மடியில கிடக்கிற பெட்டி உன்னைவிடக் கெட்டிக்காரன். 1970 தை முதலாம் திகதி, கிரீன்விச் நேரத்தில தொடங்கி, செக்கன் செக்கனா எண்ணிக்கொண்டே இருக்கு. ஐப்பசிக் கடைசி ஞாயிறு லண்டனில விடியப்புறம் ஒண்டரை மணி ரெண்டு தரம் வரும். பங்குனியில அந்த ஒண்டரை வரவே வராது. எண்ணிறவனுக்கு அதில என்ன கவலை? வெளியில காட்டுற மணிதான் மாறும். எந்த ஊரில எப்ப, எவ்வளவு மாத்தவேணும் எண்டு உள்ளுக்க ஒரு கொப்பி இருக்கு. ஆதர் டேவிட் ஓல்சன் எண்ட அமெரிக்கர் தொடக்கினது. லினக்ஸ், ஆப்பிள், அண்ட்ரொயிட் எல்லாம் அதைத்தான் பாக்கினம். விண்டோஸ் ஐயாவுக்குத் தனிக்கொப்பி. பெட்டிக்குள்ள இருக்கிற மணிக்கூட்டையும் உள்ளூர் நேரத்திலதான் வைப்பார். லினக்ஸையும் அதே பெட்டியில ஏத்தி அப்பிடியே பழக்கினியோ, மணி மாறுற நேரம் சிலவேளை இவரும் தள்ளுவார், அவரும் தள்ளுவார். மாமியும் மருமகளும் ஒரே கறிக்கு உப்புப் போட்ட கதைதான்.

அந்தக் கொப்பியில எங்கட கதையும் கிடக்கு. 1996 வைகாசியில கொழும்பு, மின்சாரம் மிச்சம் பிடிக்கவெண்டு ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. ஐப்பசியில அரை மணித்தியாலத்தைத் திருப்பி இழுத்தது. குப்பி விளக்கில இருந்த நாங்கள் எதை மிச்சம் பிடிக்கிறது? புலியள் அந்த நேரத்தை ஏற்கேல்லை. அவையளின்ர கையில இருந்த இஞ்ச பழைய நேரம்தான். 2002இல ஏ9 பாதை திறந்தாப்பிறகு, ஓமந்தை எல்லையைத் தாண்டிறவன் அடையாள அட்டையோட அரை மணித்தியாலத்தையும் கையில வைச்சிருக்கவேணும். வவுனியாவில பத்து மணி பஸ் எண்டால் எங்கட ஒன்பதரை. 2006 சித்திரையில மிச்ச அரையையும் கழிச்சுக்கொண்டு கொழும்பு எங்களிட்டை வந்து சேர்ந்தது. நாங்கள் முள்ளைத் தொடவேயில்லை.

இதைக் கேள். புலியளின்ர பக்கம் இருக்கிற சனம் கொழும்பை விட்டிட்டு, எங்கட பழைய நேரமே ஓடுற கல்கத்தாவைத் தெரிவு செய்யலாம் எண்டு அந்தக் கொப்பியில ஒரு ஓரக்குறிப்பு இருந்ததாம். பேரன் வாசிச்சுக் காட்டினவன். கனகாம்பிகை அம்மன் கோவில் வாசலில நிண்டபடியே நான் கல்கத்தாவில இருந்திருக்கிறன், விசா கேக்க ஒருத்தரும் வரேல்லை!

சரி, இனியாவது ‘லண்டன், காலமை ஒன்பது’ எண்டே போனில எழுதி வை. எங்கட நேரத்துக்கு மாத்திற வேலையை அண்டைக்குப் பெட்டி பாத்துக்கொள்ளும். அப்டேட் கேக்கேக்க ‘பிறகு’ எண்டு தட்டாதை. அரசாங்கங்கள் நினைச்ச நேரம் நேரத்தை மாத்துவினம், கொப்பி பழசாய்ப் போடும்.

கனடாக்காரரில கனபேர் லண்டனுக்கு முந்தி, பங்குனி ரெண்டாம் ஞாயிறே தள்ளிப்போடுவினம். ஆனா டொராண்டோவில இருக்கிற மாமான்ர மகளுக்கு நீ எடுக்கிற கோல் மட்டும் ஒருநாளும் நேரம் பிசகினதா நான் கேள்விப்படேல்லை, என்ன?