பனியனும் பானையும்

கேள்வி: பனியன் பிரிண்டிங் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மண்பாண்டம் பழகுகிறேன். அச்சோவியமும் கற்க ஆசை. ஏதாவது ஒன்றை விடச் சொல்கிறார்கள். கற்பனையும் ஊறமாட்டேன் என்கிறது!
– ஒரு வாசகர், அருள்புரம், திருப்பூர்

பதில்: எதையும் விடாதீர்கள். தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தார்; பீங்கான் வடிவமைப்பும் படித்தார்; பேர் வாங்கியதோ அச்சோவியத்தில்! 1991இல் அமெரிக்காவின் டாமரிண்ட் நிறுவனத்துக்கே போய்க் கல்லச்சு கற்றவர். அவர் கற்பனையைக் கிளறியவற்றில் ஒன்று விமானம் பறக்கும் பாதை. உங்களுக்கும் சூலூர் விமானத்தளம் பக்கம்தானே, அண்ணாந்து பார்க்கக் காசா பணமா?

ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962இல் நடிகை மர்லின் மன்றோவை அச்சடித்ததும் நீங்கள் தினம் இழுக்கிற அதே ஸ்கிரீனில்தான். ஒரே வித்தியாசம், அச்சோவியர் இருபது என்று முடிவு செய்தால் இருபது பிரதியோடு நிறுத்துவார். பென்சிலில் 1/20, 2/20 என்று எண் போட்டுக் கையெழுத்திடுவார். பலர் அச்சையே அழித்துவிடுவார்கள். இதைப் பட்டறையில் செய்து பார்க்க வேண்டாம், அங்கே ஆர்டர் பத்தாயிரம் பீஸ்.

பானை விஷயத்தில் மட்டும் திருப்பூர் அவசரம் ஆகாது. ஈரம் முழுக்கக் காயாமல் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும். ஷிப்மென்ட் தேதியைச் சொல்லி மண்ணை மிரட்ட முடியாது.

கற்பனைக்கா பஞ்சம்? கலர் விலகி ரிஜெக்ட் ஆன பீஸ்களை ஒருநாள் விரித்து வைத்துப் பாருங்கள். சூப்பர்வைசர் கண்ணில் படாமல்!