நற்சாட்சிக் கடிதம் நீடூழி வாழ்க

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலையில் எங்கள் சிவகாசிக் குருமனை வராந்தாவில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், விருதுநகர் மாவட்டத்தில் ஒழுக்கம் குறைந்துவிட்டது என்று வாய் திறக்க மாட்டார்கள். மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ கிறிஸ்தவக் கல்லூரியில் சபைப் பிள்ளைகளுக்கான இடம் கேட்பதென்றால் ஞானஸ்நானச் சான்றும் குருவானவர் கடிதமும் வேண்டும். இன்னார் எங்கள் சபை அங்கத்தினர், நற்குணமுள்ளவர், ஆராதனைகளில் தவறாமல் பங்குகொள்பவர் என்று எல்லாம் முன்னமே அச்சாகி, பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு விட்டிருக்கும். காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற ஊருக்கு நற்குணம் அடிப்பது பெரிய காரியமா?

கடிதம் கொடுப்பதில் எங்கள் சேகரக் கமிட்டி காட்டும் தாழ்மையைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளத்தை ஆராய்வது ஆண்டவருடைய வேலை. அதில் தலையிடும் அகந்தை இவர்களுக்குக் கிடையாது. சந்தா நோட்டை மட்டும் ஆராய்வார்கள்.

2019இல் ஒரு பெண்பிள்ளை வந்தாள். ராத்திரியில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே படித்து, பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறியவள். அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. தீபாவளி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் போயாக வேண்டும். ஆராதனை வருகையில் அங்கேயே ஒரு கறுப்புப் புள்ளி. அதோடு முந்தைய அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்ததில், ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன.

பொருளாளர் நோட்டைப் புரட்டினார். “ஏம்மா, சந்தா பாக்கி நிக்குதே?”

“ஆலை அடைச்சுக் கெடந்துச்சுங்கய்யா. அரிசிக்கே வழியில்ல.”

“அது சரிம்மா. நற்சாட்சின்னு நாங்க எழுதணும்னா கணக்கு நேரா இருக்கணும்ல?”

அந்த அம்மா கடைத்தெருவுக்குப் போய், காதில் கம்மல் இல்லாமல் திரும்பி வந்தார். பாக்கியைக் கட்டினார். ரசீது கிழித்த கையோடு கடிதமும் வந்தது. அரை மணி நேரத்துக்குள் ஒரு பெண்ணின் குணம் இத்தனை உயர்ந்து நான் கண்டதில்லை. பிரசங்கத்தால் ஆகாததைப் பொருளாளர் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் செய்து முடித்தார்.

அதே வாரம் ஒரு காண்ட்ராக்டர் மகனுக்குக் கடிதம் வீட்டுக்கே போனது. திடப்படுத்தல் ஆனதிலிருந்து தம்பியை ஆலயத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஆலயத்து ஃபேன் ஒவ்வொன்றிலும் அப்பா பெயர் இருக்கிறது. சுற்றினால் பெயரைப் படிக்க முடியாது என்பதால், சித்திரை வெயிலிலும் பாதி ஃபேன்களை நிறுத்தியே வைத்திருக்கிறோம். நன்றியுணர்வு என்றால் இப்படி வேர்க்க வேண்டும்.

இந்த நுட்பமெல்லாம் முன்னோருக்குத் தெரியவில்லை. மிஷனரி ராக்லாந்து ஐயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தவர், கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெலோ. அப்பேர்ப்பட்ட படிப்பாளி, 1854 முதல் இந்த வடதிருநெல்வேலிக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்து ஊர் ஊராக அலைந்து, 1858 அக்டோபரில் இதே சிவகாசியில் உயிரை விட்டார். உயர்கல்வியையும் ஒழுக்கத்தையும் ஒரே உடம்பில் சுமந்து திரிந்த மனிதர். பிழைக்கத் தெரியாதவர்.

பக்கத்து விருதுநகர் வியாபாரிகளும் இதே ரகம்தான். மகமை வசூலித்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து, க்ஷத்ரிய வித்யாசாலாவை நடத்தினார்கள். எந்த வீட்டில் எத்தனை பிடி பாக்கி என்று பார்த்துப் பையன்களின் குணத்தை எடைபோடும் சாமர்த்தியம் அவர்களுக்கு வரவில்லை. அங்கே படித்த காமராஜர் ஆறாம் வகுப்போடு நின்று, நற்சாட்சிக் கடிதம் ஒன்றுமில்லாமலே 1954இல் முதலமைச்சராகிவிட்டார். கண்காணிப்பு இல்லாத காலம்!

எங்கள் பிள்ளைகளுக்கு அரசியல் பாடமும் இலவசம். திருமண்டலத் தேர்தல் வந்தால் போதும். இரண்டு அணி, இரண்டு நோட்டீஸ், இரண்டிலும் ஒரே வேதவசனம், இரண்டும் ஒரே அச்சகம். அசனப் பந்தியில் அருகருகே உட்கார்ந்து சாம்பார் வாங்கிய சித்தப்பாவும் பெரியப்பாவும் மறுவாரம் முகம் பார்க்க மாட்டார்கள். ஜெயித்தவர்கள் தாளாளர் நாற்காலிக்குப் போவார்கள், தோற்றவர்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். ஆக, யாரும் சும்மா இருப்பதில்லை.

1881இல் பசுமலையில் தோன்றிய மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் 2008இல் முதல்வர் தரப்பும் பேராயர் தரப்பும் மோதி, விவகாரம் வழக்காகி, மாணவர்கள் தெருவில் நின்றார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத இப்படிப்பட்ட செய்முறைப் பயிற்சியை வேறு எந்தக் கல்லூரி தரும்? அரசியலமைப்பின் 30(1) ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையம் நிர்வகிக்கும் உரிமை தந்திருக்கிறது. நிர்வகிக்கும் உரிமைக்குள் சீர்கெட நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று, கேரளக் கல்வி மசோதா விஷயத்தில் 1958லேயே உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. ராக்லாந்து ஐயர் போன நூறாவது வருஷம். அந்த வரி வந்த பக்கத்தை மட்டும் எங்கள் பெரியவர்கள் அடக்கத்தோடு புரட்டாமல் விட்டுவிட்டார்கள். எல்லாம் தெரிந்தவர்கள் என்ற பெருமை வந்துவிடக் கூடாதல்லவா?

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். நன்றாக இருக்கிறாள். கல்லூரியில் நெறிக்கல்வி வகுப்பில் நேர்மை, உண்மை, எளிமை எல்லாம் படித்து முதல் மதிப்பெண் வாங்கினாள். எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்விலும் தேறிவிட்டாள். இப்போது உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். சபைப் பிள்ளை என்று அதற்கும் ஒரு கடிதம் வேண்டுமாம். இந்த முறை சந்தா பாக்கி ஒரு பைசா இல்லை. ஆனால் கல்லூரியில் சேரத் தேவைப்பட்ட நற்குணம் வேறு, கல்லூரியில் கற்பிக்கத் தேவைப்படும் நற்குணம் வேறு என்று பெரியவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். இதற்குக் கம்மல் போதாது, லட்சங்கள் வேண்டும். தவணையில் கட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஏழைகள் மீது அவ்வளவு கரிசனம்.