வாளியின் உட்சுவர்: புறநகர்க் கடினநீர் குறித்த ஒரு முன்னாய்வு

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், மேடவாக்கம் என விரிந்து கிடக்கும் புறநகரில், ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் வீடுகளின் குளியலறை வாளிகள், வாங்கும்போது நீலமாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும், நாளடைவில் சாம்பல் பூத்த ஒரே வெண்ணிறத்தை அடைந்துவிடுகின்றன. இந்நிறமாற்றம் 'கறை' என்னும் பொருந்தாப் பெயரால் வழங்கப்பட்டு, அவ்வீட்டாரின் சோம்பலுக்குச் சான்றாகவே இதுகாறும் கொள்ளப்பட்டு வந்திருக்கிறது. அது கறையன்று, கல் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடினநீர் எனப்படுவது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்து கரைந்திருக்கும் நீர். மக்கள் இதனை 'உப்புத் தண்ணி' என்றும் 'போர் தண்ணி' என்றும் வழங்குவர். முதற்பெயர் அறிவியலுக்கு முற்றிலும் உடன்பாடானதன்று; ஏனெனில் சமையலுப்பு எவ்வளவு கரைந்தாலும் நீர் கரிக்குமேயன்றிக் கடினமாகாது, கரிக்காத நீரோ சத்தமின்றிக் கடினமாயிருக்கக் கூடும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீருக்கு வழியில்லையேல் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுக்கிறது. வாடகை வீடு காட்டும் உரிமையாளர்கள் கையாளும் அளவை இதனின் வேறானது. "லேசா உப்பு இருக்கும், குளிக்க, துணி துவைக்க ஒண்ணும் பண்ணாது" என்னும் அவர்களது வாய்ப்பாட்டில் வரும் 'லேசா' என்பதன் உச்சவரம்பு இன்றளவும் எவராலும் கண்டறியப்படவில்லை.

நீரின் கடினத்தன்மை 600 என்றே கொண்டு, நால்வர் உள்ள வீட்டில் தலைக்கு இரண்டு வாளி, அதாவது ஏறத்தாழ 40 லிட்டர், குளிக்கச் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 96 கிராமும் ஆண்டொன்றுக்கு 35 கிலோவும் சுண்ணாம்புக்கல்லுக்கு நிகரான பொருள் அக்குடும்பத்தாரின் தலைவழியே இறங்குகிறது. இதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடுகிறது என்பது ஓர் ஆறுதல்.

இக்கல் எங்கிருந்து வருகிறது எனின், மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று மென்புளிப்புற்று, பாறையிலும் மண்ணிலும் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. மோட்டார் போட்டதும் அக்கரைசல் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. பல்லாவரத்திற்குக் கல் புதிதன்று. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் பழைய கற்காலக் கருவியொன்றை அங்கேதான் கண்டெடுத்தார். அன்று குனிந்து தேடி எடுக்க வேண்டியிருந்த கல், இன்று குழாயைத் திறந்தால் தானே வருகிறது.

வாளியின் உட்சுவரைக் கூர்ந்து நோக்கினால் அடுக்கடுக்கான கோடுகள் புலப்படும். வழக்கமாக நீர் நிரம்பும் மட்டத்தில் தடித்த வளையமொன்றும், அதற்குக் கீழே அரைவாளியோடு குளித்து முடித்த தட்டுப்பாட்டு நாட்களைக் குறிக்கும் மெல்லிய வளையங்களும் காணப்படும். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை நாடே திரும்பிப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கோடையைக் கடந்து வந்த வாளி எவரிடமேனும் இருக்குமாயின் அஃது ஆவணக்காப்பகத்திற்குரியது. இவ்வளையங்களை நகத்தால் சுரண்ட முயல்வோர் தோற்பது திறமைக்குறைவால் அன்று. கனிமங்களின் உறுதியை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் நகம் இரண்டரை, இப்படிவின் முதன்மைக் கனிமமாகிய கால்சைட்டு மூன்று. எனவேதான் அடுத்த கட்டமாகச் சமையலறைக் கத்தி வரவழைக்கப்படுகிறது. கத்தி வென்றுவிடுகிறது, வாளி கீறலுறுகிறது, கீறலில் அடுத்த படிவு முன்னினும் உறுதியாகக் கால்கொள்கிறது.

இதனைச் சுரண்டல் மரபு என்று கொண்டால், இதற்கு எதிரானதும் தொன்மை மிக்கதுமான புளிப்பு மரபு இட்லிப் பானையின் அடியில் வாழ்கிறது. கரைந்த நிலையிலுள்ள பைகார்பனேட்டு, நீர் கொதிக்குங்கால் சிதைந்து சுண்ணாம்புப் படிவாக அடியில் அமர்கிறது. இவ்வாறு கொதிக்கவைத்தால் நீங்குவதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பர். தற்காலிகம் என்ற சொல் நீரைக் குறித்தது, பானையைக் குறித்ததன்று. பானை நீரில் சக்கைப் புளியையோ பிழிந்த எலுமிச்சை மூடியையோ போட்டுவைக்கும் பாட்டிமார், அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும் என்னும் வேதியியலை எந்தப் பாடநூலும் இன்றிக் கைக்கொண்டவர்கள். ஹீட்டருக்குள் எலுமிச்சை மூடி போட வழியில்லாததால், அதன் கம்பி வெண்பூச்சு ஏறி, சூடு நீருக்குச் சேராமல், மின்கட்டணத்தில் சேர்கிறது.

சவர்க்காரம் கால்சியத்தோடு கூடி நுரைக்குப் பதிலாகத் திரியாகத் திரள்வதும், சீயக்காய் அவ்வாறு திரளாமல் நுரைப்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. முடி உதிர்வதற்கு நீரே காரணம் என்பது குறித்து இரு கட்சிகள் உண்டு. வழுக்கை விழுந்தோர் அனைவரும் ஒரே கட்சியில் இருப்பதால் நடுநிலை காண்பது அரிது. பருப்பு வேகாமைக்கு மட்டும் தெளிவான விளக்கம் உண்டு. நீரிலுள்ள கால்சியம் பருப்பின் உயிரணுச் சுவர்களிலுள்ள பெக்டினோடு பிணைந்து அதனை இறுக்கிவிடுகிறது. இதனையறியாத குடும்பங்கள் நான்காவது விசிலுக்குப் பின் மளிகைக் கடைக்காரரைப் பழம்பருப்பு விற்றவராகத் தூற்றுகின்றன.

தீர்வு விற்க வருவோர் குறித்தும் ஒரு சொல். கதவைத் தட்டி வந்து, கண்ணாடிக் குவளையில் வீட்டு நீரை ஊற்றி, இரு கம்பிகளை நுழைத்து மின்சாரம் பாய்ச்சி, நீர் பழுப்பாகக் கலங்குவதைக் காட்டுவோர் உளர். கலங்குவது பெரும்பாலும் அக்கம்பியின் இரும்பே. அவர்கள் கொண்டுவரும் வடிகட்டிய நீரில் மின்கடத்தும் உப்பு குறைவாதலால் கம்பி கரைவதில்லை. மெய்யாகவே கடினத்தை நீக்கும் மென்னீராக்கி, பிசின் மணிகளில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கிறது. மணிகள் களைத்ததும் அவற்றுக்கு உப்புக்கரைசல் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரைத் திருத்துவதற்கு மூட்டை மூட்டையாக உப்பு வாங்கும் குடியிருப்போர் சங்கங்களின் கணக்கேடு, தணிக்கையாளர்களுக்கு ஆண்டுதோறும் ஐயம் விளைவிக்கத்தக்கது.

இவ்வாய்வின் அடுத்த கட்டம் வளையங்களை எண்ணிக் காலம் கணிப்பதாகும். ஆதலின், பழைய வாளி வைத்திருப்போர் பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்யும் சாக்கில் அதைத் தேய்த்துவிடாமல், தேதி எழுதி ஒட்டி, கவிழ்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.