காக்கையும் தாத்தாவும்

பேச்சுப் பயிற்சி உதவியாளர் என்று என் உத்தியோகத்தைச் சொன்னால், "மேடையிலே பேசக் கற்றுக் கொடுக்கிறீர்களோ?" என்று விசாரித்துவிட்டு, தேர்தல் சமயத்தில் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போகிறவர்களே அதிகம். வாஸ்தவத்தில், ஓராண்டு டிப்ளமோ படித்துவிட்டு, இன்ன குழந்தைக்கு இன்ன குறை என்று நிர்ணயிக்கும் அதிகாரம் இம்மியும் இல்லாமல், நிபுணர் வகுத்துக் கொடுத்த திட்டப்படி படத்தைக் காட்டி, பிள்ளை சொல்வது சரியென்றால் டிக்கும் தவறென்றால் பெருக்கற்குறியும் போடுவதே என் ஜீவனோபாயம். பத்துக்கு எட்டு டிக் விழுந்தால் அடுத்த படி. விழாவிட்டால் மறுபடியும் அதே காக்காய்.

அந்தக் காக்காயால் வந்த சங்கடம் ஒன்று உண்டு. நாவின் அடி அண்ணத்தின் அடியைத் தொட்டால் ககரம், நுனி பல்லின் அடியில் படிந்தால் தகரம் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துவைத்திருக்க, எங்களிடம் வந்த ஐந்து வயதுப் பையனுடைய நாவோ, நுனியைத் தவிர வேறெதற்கும் வேலை கொடுப்பதில்லை என்று விரதம் பூண்டிருந்தது. கதவு 'ததவு' ஆயிற்று. கண்ணாடி 'தண்ணாடி' ஆயிற்று. அவற்றால் எவருக்கும் நஷ்டமில்லை. காக்காய்ப் படத்தைக் காட்டியபோதுதான், "தாத்தா" என்றான். நான் பெருக்கற்குறி போட்டேன். மூலையில் அமர்ந்திருந்த அவனுடைய தாத்தா, "என்னடா கண்ணு?" என்று எழுந்து வந்தார்.

பத்து முறை காட்டினேன். முழங்கால் வலியோடு பத்து முறையும் வந்தார். "படத்தைப் பார்த்துச் சொல்கிறான் ஐயா, தங்களையல்ல" என்று நான் விண்ணப்பித்துக்கொள்ள, அவர் அந்தப் பட்சியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்கைப் பார்த்து ஏமாந்திருப்பான் சார்" என்றார்.

பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, நாக்கு தன் பாரத்தாலேயே பின்னே சரியச் செய்தும், முரண்டு பிடித்த நுனியை மரக்குச்சியால் மெல்ல அழுத்தியும், சில மாதப் பிரயத்தனத்துக்குப் பின் ஒருநாள் பத்துக்கு எட்டு விழுந்தது. புதுப் பணம் வந்தவன் கண்டதையெல்லாம் வாங்குவதுபோல, புதுக் ககரம் வந்த பையனும் அதைக் கண்ட இடத்திலெல்லாம் செலவழிக்கத் தலைப்பட்டு, மூலைக்கு ஓடி, "காக்கா, வீட்டுக்குப் போலாம்!" என்றான்.

நான் பதறிப்போனேன். கிழவரோ நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, "இருக்கட்டும் சார், பிற்பாடு அமாவாசைக்கு அமாவாசை சோறு வைத்து அப்படித்தானே கூப்பிடப் போகிறான்; கொஞ்சம் முந்திக்கொண்டான்" என்றார்.

உச்சரிப்பில் பிழையில்லை. டிக் போட்டேன்.